காணாமல் போன ஐந்தாவது முகடு

ஒரு குரங்கு என்ன சாப்பிடும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, அது சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. இது விவரம் தெரியாதவர்களின் வழி. இரண்டாவது வழி, அதன் கடைவாய்ப் பல்லைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய், மேடு பள்ளங்களை அளந்து, வரும் எண்ணை ஓர் அட்டவணையில் தேடுவது. எங்கள் விலங்குப் பூங்கா இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்பவன் நான்தான். பதவியின் பெயர் 'பல் பரப்பு அளவை உதவியாளர், நிலை இரண்டு'. நிலை ஒன்றில் யாரும் இல்லை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஏதாவது வைத்தியத்துக்காகக் குரங்குக்கு மயக்க ஊசி போடும்போது, டாக்டர் அதன் பல்லின் மேல் பசையை அமுக்கி அச்சு எடுத்துக் கொடுப்பார். அதில் நான் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவேன். காய்ந்ததும் உரித்தால் வெள்ளையாக ஒரு பல். அதை ஸ்கேனரில் வைத்தால், பத்தாயிரம் முக்கோணங்களால் ஆன ஒரு பல், அதாவது மாடல், திரையில் சுற்றும். ஒவ்வொரு முக்கோணமும் பக்கத்து முக்கோணத்திலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கூட்டினால் ஓர் எண் வரும். அதற்கு நெளிவெண் என்று பெயர். குறைவாக வந்தால் பழம் தின்னும் பிராணி. அதிகமாக வந்தால் இலை தின்னும் பிராணி.

கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அருமையான கணக்கு. ஆனால் அது செத்துப் பல லட்சம் வருடமான குரங்குகளுக்காகப் போடப்பட்டது. அவற்றில் பல்தான் மிச்சம், பக்கத்தில் நின்று பார்க்க வழியில்லை. எங்கள் குரங்குகளோ என் ஜன்னலுக்கு வெளியே இருபதடி தள்ளி நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருந்தன. வெளிச்சம் ஸ்கேனருக்கு ஆகாது என்று எங்கள் பிரிவு அதிகாரி அந்த ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டச் சொல்லிவிட்டார்.

பிரிவு தொடங்கிய ஆறே மாதத்தில் நெளிவெண் ஒரு நாகரிகமாகிவிட்டது. திரையில் மேடுகள் சிவப்பாகவும் பள்ளங்கள் நீலமாகவும் தெரியுமல்லவா, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் படத்தைக் காபிக் கோப்பையில் போட்டார்கள், நாட்காட்டியில் போட்டார்கள், வரவேற்பறையில் சோபாவை விடப் பெரிதாக மாட்டினார்கள். பிறகு அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பல்லையும் அளக்கச் சொன்னார்கள். இயக்குநரின் விசிட்டிங் கார்டில் பட்டங்களுக்குக் கீழே அவருடைய நெளிவெண் அச்சானது. அலுவலகத்திலேயே அவருடையதுதான் அதிகம். காரணம் எனக்கு மட்டும் தெரியும். இரண்டு சொத்தைப் பல். குழி விழுந்தால் நெளிவு கூடும். விஷயம் எப்படியோ கசிந்து, ஆறு பேர் பல் டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தார்கள். இரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டே பதவி உயர்வு நேர்காணலுக்குப் போனார்கள்.

"குரங்கு என்ன திங்கும்னு குரங்கைப் பார்த்தாத் தெரியாதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அது தனிப்பட்ட அபிப்பிராயம் ஆயிடும்."

"யாரோட அபிப்பிராயம்?"

"குரங்கோட."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அப்படித்தான், பேச்சை முடிப்பது அவளாக இருந்தாலும் தோற்பது நானாக இருக்கும்.

இனி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடம் ஒரு பெண் குரங்கு. வயது இருபத்திரண்டு. யார் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, கோப்பு தாமதமாக வந்ததைப் போல முறைக்கும். அதனால் அந்தப் பெயர். குரங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவோம். மேடத்துக்கு ஒரு வயதாக இருக்கும்போதிலிருந்து அவர்தான் சாப்பாடு போடுகிறார்.

சில மாதங்களுக்கு முன் மேடத்தின் மணிக்கட்டில் புண். ஊசி போட்டுத் தையல் போட்டார்கள். கையோடு அச்சும் எடுத்தார்கள். பிளாஸ்டர் ஊற்றும்போது கிண்ணத்தை நன்றாகத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அச்சையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பசையில் காற்றுக் குமிழி நின்றிருந்தால் அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் புகுந்து பல்லின் மேல் மிளகு ஒட்டினாற்போல் ஆகிவிடும். நான் பார்க்கவில்லை. சாவியை எங்கே வைத்தீர்கள் என்று மனைவி போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மேடத்தின் பல்லில் மிளகு இருந்தது.

ஊசி முனையால் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும். ஆனால் அதற்குள் பதிவு எண் ஒட்டிவிட்டேன். பதிவு எண் ஒட்டிய பிளாஸ்டரில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது விதி. சரி, திரையில் தெரியவா போகிறது என்று விட்டுவிட்டேன். மென்பொருள் ஸ்கேன் செய்த பல்லை மூன்று முறை வழவழப்பாக்கும். சொரசொரப்பு போவதற்காக. மூன்று முறை வழவழப்பாக்கியதில் மிளகு போகவில்லை, குன்றாகிவிட்டது. பிறவியிலேயே இருந்ததைப் போலக் கம்பீரமாக நின்றது. நான்கு முகடுள்ள பல்லில் ஐந்தாவது முகடு.

நெளிவெண் எகிறியது. அட்டவணையில் பார்த்தார்கள். 'முதிர்ந்த இலை, மரப்பட்டை.' அன்று மாலையே மேடத்தின் பழமும் கிழங்கும் நிறுத்தப்பட்டு, கூண்டுக்குள் ஒரு கட்டு முற்றிய இலை போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் அக்கா என் அறைக்கு வந்தார்.

"தம்பி, மேடம் ஒண்ணும் சாப்பிடலை. இலையை எடுத்துப் பார்க்குது, என்னைப் பார்க்குது, கீழே வைக்குது. முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

"நீங்க ஏதாவது கொண்டுவந்து கொடுக்கக் கூடாதாக்கா?"

"வாசல்ல பையைச் சோதிக்கிறாங்க. நேத்து ஜாக்கெட் கைக்குள்ள ஒரு பழம் வச்சுக் கொண்டுவந்தேன். பாதி நசுங்கிப் போச்சு. அந்தப் பாதியைத் தின்னுட்டு என் கையை விடவே மாட்டேங்குது."

உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை மேடத்தைப் போலவே முறைத்தார். பிறகு, "இதை எழுதிக் கொடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பிரிவு அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குமிழின்னு சொல்றீங்க."

"ஆமாம் சார்."

"குமிழிக்கு நெளிவெண் உண்டா?"

"குமிழிக்கு எப்படி சார் இருக்கும்?"

"இதுக்கு இருக்கே. அப்புறம் இது எப்படிக் குமிழி ஆகும்?"

அந்த நான்கு நாளுக்குள்ளேயே ஐந்தாவது முகடு ஆண்டறிக்கையின் அட்டையில் அச்சாகிவிட்டது. அதைப் பற்றி அதிகாரி ஒரு மாநாட்டில் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். கைதட்டல் வாங்கிய முகட்டை மிளகு என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். நேரடி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். அவர் தலைவர், டாக்டர் உறுப்பினர், நான் குறிப்பெழுதுபவன். மூவரும் டார்ச் விளக்கோடு கூண்டுக்குப் போனோம். அக்கா, "ஆ காட்டு" என்றார். மேடம் வாயைத் திறந்தது. டாக்டர் விளக்கடித்து எண்ணினார்.

"நாலுதான் இருக்கு."

அதிகாரி மாடலின் படத்தையும் மேடத்தின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்போ ஒண்ணைக் காணோம்" என்றார்.

மறுநாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது. 'தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டுள்ள விலங்கின் கீழ் இடது கடைவாய்ப் பல்லில் அங்கீகரிக்கப்பட்ட முகடுகள் ஐந்து இருக்க, நேரடி ஆய்வில் நான்கு மட்டுமே காணப்பட்டமையால், எஞ்சிய ஒரு முகடு எப்போது, எவ்விதம், யாருடைய கவனக்குறைவால் காணாமல் போனது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தவறினால் துறை நடவடிக்கை எடுக்கப்படும்.'

கூடவே இன்னோர் ஆணையும் வந்தது. காணாமல் போன முகடு கிடைக்கும் வரை காத்திருக்க முடியாதாம். வியாழக்கிழமை மேடத்துக்கு மயக்க ஊசி போட்டு, சிமெண்டால் ஒரு முகடு செய்து ஒட்டி, அசலை மாடலுக்கு ஏற்பச் சீர்செய்ய வேண்டுமாம்.

டாக்டர் அதிகாரியின் அறையில் கத்தியது எனக்குக் கேட்டது. "வயசு இருபத்திரண்டு சார். போன தடவை மயக்கம் தெளியறதுக்கு அரை நாள் ஆச்சு. இப்போ வெறும் வயிறு வேற. இன்னொரு ஊசின்னா எழுந்திரிக்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கையெழுத்தை இயக்குநர் போடுவார். நீங்க ஊசியை மட்டும் போடுங்க."

அன்று திங்கட்கிழமை. மூன்று நாள் இருந்தது. நான் செய்த மிளகு, நான்தான் ஒரு வழி செய்ய வேண்டும். விதிப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். பிளாஸ்டரைத் தொடக் கூடாது. ஸ்கேனைத் திருத்தக் கூடாது. ஆனால் 'வழவழப்பாக்கலைத் தேவைக்கேற்பச் செய்யலாம்' என்று பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. புதிய பதிப்பு வந்தால் பழைய பதிப்பு தானாக ரத்தாகும் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. துள்ளிக் குதித்தேன்.

பத்து முறை வழவழப்பாக்கினேன். மிளகு அசையவில்லை. ஐம்பது முறை. கொஞ்சம் குனிந்தது. வந்த வேகத்தில் முந்நூறு என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மிளகு போயிருந்தது. கூடவே மற்ற நான்கு முகடுகளும் போயிருந்தன. திரையில் தேய்ந்துபோன சோப்புக் கட்டி ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் சுதாரிப்பதற்குள் பிரிவு அதிகாரி பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன ஒரு நேர்த்தி!" என்றார் கடைசியில். சோப்புக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இனிமே எல்லா மாடலும் முந்நூறு."

சோப்புக் கட்டி இரண்டாம் பதிப்பாக அங்கீகரிக்கப்பட்டது. நெளிவெண் ஒன்பது. அட்டவணை எண்பதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே வந்தால் என்ன செய்வது என்று அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: 'அட்டவணைக்கு உட்படாத விலங்குகளுக்கு உணவு ஒதுக்கீடு எழாது.' அன்று மதியம் இலைக்கட்டும் நின்றுபோனது.

சிமெண்ட் முகடு ரத்தானது உண்மை. ஆனால் வியாழக்கிழமை ஊசி ரத்தாகவில்லை. இப்போது அசலில் நான்கு முகடுகள் கூடுதலாக இருந்தன அல்லவா? அவற்றை அரைத்து எடுக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டாவது கடிதம் வந்தது. அனுமதியற்ற நான்கு முகடுகள் அவர் பொறுப்பிலுள்ள விலங்கிடம் எப்படி வந்தன என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நான் தலை நிமிரவில்லை.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"இனிமே நீ எனக்கு உதவி பண்ணாதே."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிதங்களை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இவங்களுக்கு என்ன வேணும்? அந்த நாலும் தேயணும். அவ்வளவுதானே?"

"ஆமாக்கா."

"பல்லு எதனால தேயும்?"

"மெல்லறதால."

"வெறும் வாயை மென்னா தேயுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா மேசையிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் திணித்தார். "எழுது."

அவர் சொல்லச் சொல்ல நான் அலுவலகத் தமிழில் போட்டுக்கொண்டே வந்தேன். 'உபரி முகடுகள் நான்கையும் மயக்க ஊசியின்றி, இயற்கை முறையில், படிப்படியாகத் தேய்த்து அகற்றும் பொருட்டு, கீழ்க்காணும் அரவைப் பொருட்களை நாள்தோறும் வழங்கி உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கனிந்த வாழைப்பழம், நான்கு. வேகவைத்த கிழங்கு, இரண்டு. வேர்க்கடலை, ஒரு கைப்பிடி. அவித்த முட்டை, சனிக்கிழமை மட்டும் ஒன்று.'

"முட்டை எதுக்குக்கா? அது எதைத் தேய்க்கும்?"

"அது மேடத்துக்குப் பிடிக்கும். எழுது."

பிரிவு அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அக்கா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாழைப்பழம் பல்லைத் தேய்க்குமா?"

"மெதுவாத் தேய்க்கும் சார்."

"கல், மண் மாதிரி ஏதாவது கொடுத்தா சீக்கிரம் முடியுமே?"

"அவசரப்பட்டா பல்லு உடைஞ்சிடும் சார். உடைஞ்சா மேடு பள்ளம் இன்னும் ஜாஸ்தியாகும். உங்க மாடலுக்குத்தான் கெட்ட பேரு."

அதிகாரி அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. பேனாவைத் திறந்து, 'ஏற்கலாம்' என்று எழுதினார். வியாழக்கிழமை ஊசி ரத்தானது.

உணவுக் கிடங்கில் மேடத்துக்கு ஒதுக்கீடு இல்லை. ஆகவே பழங்கள் கருவிக் கிடங்கிலிருந்து வந்தன. உப்புத்தாளுக்கும் இரும்பு அரத்துக்கும் நடுவில் பெயர் பதிந்து, கிடங்குக்காரர் நான்கு வாழைப்பழங்களைத் துணியால் துடைத்து எடுத்துக் கொடுத்தார். உபயோகித்த பின் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார். தேய்மானப் பொருள், திரும்ப வராது என்று அக்கா சொன்னார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக மேடம் முழுப் பழம் சாப்பிட்டதை நான் கூண்டுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோலைப் பொறுமையாக உரித்து, ஒரு கடி கடித்துவிட்டு, அக்காவின் விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

இதற்குள் முந்நூறு முறை வழவழப்பாக்கும் ஆணை பூங்கா முழுக்க அமலாகியிருந்தது. எந்தக் குரங்கை அளந்தாலும் சோப்புக் கட்டி, நெளிவெண் ஒன்பது, உணவு இல்லை, முகடுகள் உபரி. மற்றக் கூடங்களின் பராமரிப்பாளர்கள் என் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் கடிதம் சொல்லிக் கொடுத்தார். பழக் குரங்குக்குப் பழத்தால் அரவை, இலைக் குரங்குக்குத் தளிர் இலையால் அரவை, பூச்சி தின்னும் குட்டிக் குரங்குக்கு வெட்டுக்கிளியால் அரவை. பத்தே நாளில் ஒவ்வொரு பிராணியும் முன்பு எதைத் தின்றுகொண்டிருந்ததோ அதையே மறுபடியும் தின்னத் தொடங்கியது.

வாரா வாரம் தேய்மானத்தை அளந்து அறிக்கை தரும் பொறுப்பு என்னுடையது. புதிதாக அச்செடுக்க ஊசி வேண்டும் என்பதால், பழைய சோப்புக் கட்டியையே அளந்தேன். எப்போதும் ஒன்பதுதான் வந்தது. 'தேய்மானம் இல்லை' என்று எழுதினேன். இயக்குநர் கவலைப்பட்டு, அரவைப் பொருளை ஒன்றரை மடங்காக்கினார். மேடத்துக்குத் தொப்பை விழுந்தது. எனக்கு நிலை ஒன்று கிடைத்தது. அக்காவின் மேல் இருந்த இரண்டு விளக்கக் கடிதங்களையும் ரத்து செய்து, அவரை 'முகடு தேய்மான ஆலோசகர்' ஆக்கினார்கள்.

அப்போதுதான், ஆண்டறிக்கையின் அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் வந்தார். பல வருடம் பாறைக்குள் புதைந்த பற்களை அளந்தவராம். சின்ன உருவம், சாதாரணச் செருப்பு, கையில் ஒரு பூதக்கண்ணாடி. பிளாஸ்டர் பல்லை வெளிச்சத்தில் பிடித்து ஒரு விநாடிதான் பார்த்தார்.

"இது காற்றுக் குமிழிங்க" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். "இது பல்லே இல்லைங்க. யாரு இதை முந்நூறு தடவை தேய்ச்சது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் இயக்குநருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். நான் படித்தேன். ஒரு வரிகூடத் தப்பில்லை. இரண்டாம் பதிப்பு செல்லாது, எல்லா விலங்குகளுக்கும் புதிதாக அச்செடுத்து ஒழுங்காக அளக்க வேண்டும் என்று முடித்திருந்தார். இயக்குநர் விசாரணைக் குழு அமைத்தார். உறுப்பினர்கள் டாக்டர், அக்கா, நான்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அந்தம்மா சொல்றது உண்மைதானே?" என்றார் டாக்டர்.

"முழு உண்மை" என்றேன்.

"இரண்டாம் பதிப்பு செல்லாதுன்னா என்ன ஆகும்?" அக்கா கேட்டார்.

"முதல் பதிப்புக்குத் திரும்பும். அஞ்சு முகடு. முற்றின இலை. சரியானதைச் செய்யணும்னா புது அச்சு எடுக்கணும்" என்றேன்.

"அச்சு எடுக்க?"

டாக்டர் ஊசி பிடிக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மேடம் கடலை உடைக்கும் சத்தம் கேட்டது.

அறிக்கை கால் மணி நேரத்தில் தயாராகிவிட்டது. 'அம்மையார் குறிப்பிடும் குமிழி நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அது குமிழி அல்ல எனவும், அம்மையாருக்கு உயிருள்ள விலங்குகளில் போதிய அனுபவம் இல்லை எனவும் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.' முதல் கையெழுத்து என்னுடையது.

அந்த அம்மா போகும்போது படியில் என்னை நிறுத்தினார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"சார், உங்களுக்கே தெரியும். அது குமிழிதானே?"

"அங்கீகரிக்கப்பட்ட மாடலைப் பத்திக் கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்கம்மா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.